மின்னலாய் வெட்டும் முகவலி: சிகிச்சையின் முதல் வாரங்களைக் கடப்பது எப்படி?

முகத்தில் படும் இளங்காற்று பலருக்கும் இதமானது. அக்காற்றே சிலருக்குத் தாங்கவொண்ணா வேதனையைத் தருகிறது. பல் துலக்குதல், முகம் கழுவுதல், ஒரு கவளம் உணவை மெல்லுதல், அண்டை வீட்டாரோடு இரண்டு சொல் பேசுதல் என நாம் கருத்தின்றிச் செய்யும் செயல்கள் ஒவ்வொன்றும் கன்னத்திலோ தாடையிலோ மின்சாரம் பாய்ந்தாற்போன்ற வலியை எழுப்புமாயின், அன்றாட வாழ்வே அச்சம் நிறைந்ததாகிவிடும். இவ்வலிக்கு மருத்துவ உலகம் இட்டுள்ள பெயர் ‘டிரைஜெமினல் நியூரால்ஜியா’. தமிழில் ‘முக்கிளை நரம்பு வலி’ எனலாம்.

இந்நோய்க்கு நல்ல மருந்து உண்டு. அது விலை மிகுந்ததும் அன்று. ஆயினும், மருந்தைத் தொடங்கியவர்களுள் சிலர் முதல் சில வாரங்களிலேயே அதனைக் கைவிட்டு, மீண்டும் வலியின் பிடிக்குள் செல்கின்றனர். மருந்தின் பயன் முழுமையாகத் தெரியவருமுன்னரே அதன் தொல்லைகள் தெரிந்துவிடுவதே இதற்குக் காரணம். அந்த முதல் வாரங்களை அறிவோடும் பொறுமையோடும் கடப்பது எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

நோயின் இயல்பு

முகத்தின் உணர்ச்சிகளை மூளைக்கு எடுத்துச் செல்லும் நரம்பு, பக்கத்திற்கு ஒன்றாக இரண்டு உள்ளது. மூளைத்தண்டிலிருந்து புறப்படும் அந்நரம்பு மூன்று கிளைகளாகப் பிரிகிறது. முதற்கிளை நெற்றிக்கும் கண்ணுக்கும், இரண்டாவது கன்னத்திற்கும் மேல்தாடைக்கும், மூன்றாவது கீழ்த்தாடைக்கும் செல்கின்றன. வலி பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் கிளைகளின் பகுதியிலேயே தோன்றுகிறது. அதுவும் முகத்தின் ஒரு பக்கத்தில் மட்டும். இடப்பக்கத்தைக் காட்டிலும் வலப்பக்கத்தில் இது மிகுதி. ஐம்பது வயதைக் கடந்தவர்களையும், ஆண்களைவிடப் பெண்களையும் கூடுதலாகத் தாக்குகிறது.

மூளைத்தண்டை ஒட்டி நரம்பின் வேர் தொடங்கும் இடத்தில் ஒரு இரத்தக்குழாய் அதன்மீது அழுந்துவதே பெரும்பாலானோரிடம் நோய்க்குக் காரணமாக அமைகிறது. ஒவ்வொரு நாடித்துடிப்பிலும் நிகழும் அவ்வழுத்தத்தால் நரம்பின் மேலுறை நாளடைவில் தேய்கிறது. மின்கம்பியின் உறை உரிந்தால் பொறி பறப்பதுபோல, உறை தேய்ந்த நரம்பில் சிறு தொடுதலும் பெரும் வலிச்செய்தியாக மாறிவிடுகிறது. ஒரு வலித் தாக்கம் ஒரு நொடிக்கும் குறைவாகவோ, மிகுந்தால் இரண்டு நிமிடமோ நீடிக்கும். நாளொன்றுக்குச் சில முறை வருவதும் உண்டு; நூறு முறைக்கு மேல் வருவதும் உண்டு.

இது புதிதாகத் தோன்றிய நோயன்று. சுசுருத சம்ஹிதையில் தலைநோய்களுள் ஒன்றாகச் சொல்லப்படும் ‘அனந்தவாத’த்தை அறிஞர் சிலர் இதனோடு ஒப்பிடுவர். 1756-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறுவை மருத்துவர் நிக்கோலா ஆந்திரே இதற்கு ‘வேதனை தரும் துடிப்பு’ என்னும் பொருளில் ஒரு பெயரிட்டார். 1773-இல் இலண்டன் மருத்துவர் ஜான் ஃபாதர்கில் இதன் அறிகுறிகளைத் தெளிவுற விளக்கினார். நம் காலத்தில், இந்தித் திரைப்பட நடிகர் சல்மான் கான் இந்நோயால் தாம் அடைந்த துன்பத்தைப் பொதுமேடைகளில் எடுத்துரைத்தபோதுதான் நம் நாட்டு மக்கள் பலர் இப்பெயரைக் கேள்வியுற்றனர்.

பல்வலி எனும் மயக்கம்

வலி தாடையில் தோன்றுவதால், நோயாளி முதலில் பல் மருத்துவரிடம் செல்வது இயல்பு. பல்லில் குறையேதும் இல்லாதபோதும், வலியின் கடுமையைத் தாளாமல் ‘இந்தப் பல்லைப் பிடுங்கிவிடுங்கள்’ என்று நோயாளியே வற்புறுத்துவதும் உண்டு. ஒரு பல் போன பின்னும் வலி நீங்காது. அடுத்த பல்லின்மீது ஐயம் எழும். வேர் சிகிச்சைக்கும் பல் நீக்கத்திற்கும் பணமும் பற்களும் செலவான பின்னரே சிலர் நரம்பியல் மருத்துவரைச் சென்றடைகின்றனர்.

இரண்டையும் வேறுபடுத்தி அறியச் சில குறிப்புகள் உண்டு. பல்வலி பெரும்பாலும் மணிக்கணக்கில் நீடிக்கும்; சூடும் குளிர்ச்சியும் பட்டால் மிகும்; இரவில் உறக்கத்தைக் கெடுக்கும். நரம்பு வலியோ திடீரெனப் பாய்ந்து நொடிகளில் ஓய்ந்துவிடும். மெல்லிய தொடுதலால் எழும். ஆழ்ந்த உறக்கத்தில் பெரும்பாலும் வருவதில்லை. வழக்கமான வலிநிவாரண மாத்திரைகள் அதன்முன் பயனற்றுப்போகும். இத்தகைய குறிகளைக் கண்டு ‘இது பல் அன்று, நரம்பு’ என உரைத்து, நோயாளியை உரிய இடத்திற்கு அனுப்பும் பல் மருத்துவர்களும் பலர். பல்லைப் பிடுங்க உடன்படுமுன் இக்கேள்வியை அவரிடமே எழுப்புதல் நன்று.

நோயை உறுதிசெய்வது நோயாளி சொல்லும் வரலாறே. எனினும் எம்.ஆர்.ஐ. ஒருமுறை எடுத்துப் பார்ப்பது வழக்கம். நரம்பின்மீது இரத்தக்குழாய் அழுந்துகிறதா, கட்டியோ வேறு நரம்பு நோயோ காரணமாக உள்ளதா என்பதை அது காட்டும். நாற்பது வயதுக்கு உட்பட்டவர், முகத்தின் இருபுறமும் வலி உள்ளவர், முகம் மரத்துப்போன உணர்வு உடையவர் ஆகியோர் இதனைத் தவிர்த்தலாகாது.

அறுபதாண்டு அனுபவமுள்ள மருந்து

1953-ஆம் ஆண்டு, சுவிட்சர்லாந்தின் பாசல் நகரிலிருந்த கெய்கி நிறுவனத்தில் வால்டர் ஷிண்ட்லர் என்னும் வேதியியலார் ‘கார்பமாசெபைன்’ என்னும் பொருளை உருவாக்கினார். வலிப்பு நோய்க்கான மருந்தாக இன்று பலரும் அறிந்த அது, முக்கிளை நரம்பு வலியையும் அடக்குவதை 1962-இல் சுவீடன் நாட்டு மருத்துவர் பிளோம் வெளியிட்டார். அன்றுமுதல் இன்றுவரை இந்நோய்க்கு முதலில் எண்ணப்படும் மருந்து இதுவே. உலக நலவாழ்வு அமைப்பின் இன்றியமையா மருந்துப் பட்டியலிலும், நம் நாட்டின் தேசிய இன்றியமையா மருந்துப் பட்டியலிலும் இது இடம்பெற்றுள்ளது.

நரம்பணுக்களின் சுவரிலுள்ள சோடியம் வாயில்கள் திறந்து மூடுவதால்தான் மின்செய்தி ஓடுகிறது. அளவிறந்து துடிக்கும் நரம்பில் அவ்வாயில்கள் மீண்டும் மீண்டும் திறப்பதை இம்மருந்து தடுக்கிறது. காய்ச்சலுக்கும் மூட்டு வலிக்கும் நாம் உட்கொள்ளும் மாத்திரைகள் இவ்வாயில்களைத் தொடுவதில்லை. அவை இவ்வலிக்குப் பயன்படாமைக்குக் காரணம் இதுதான். கார்பமாசெபைனால் பத்தில் ஏழு பேர் அளவுக்குத் தொடக்கத்தில் நல்ல நிவாரணம் பெறுகின்றனர். அதுவும் பல நேரங்களில் சில நாள்களுக்குள்ளேயே. ‘ஆக்ஸ்கார்பசெபைன்’ என்பது இதன் நெருங்கிய உறவான மற்றொரு மருந்து. சிலருக்கு மருத்துவர்கள் அதனையே முதலில் தருவர்.

முதல் மாத்திரைக்கு முன்

தொடங்குமுன் சில சோதனைகள் தேவை. இரத்த அணுக்களின் எண்ணிக்கை, கல்லீரலின் செயல்பாடு, இரத்தத்தில் சோடியம் அளவு ஆகிய மூன்றையும் பார்த்து வைத்தால், பின்னர் ஒப்பிடுவதற்கு அடிப்படை கிடைக்கும்.

நான்காவதாக ஒரு மரபணுச் சோதனையும் உண்டு. ‘எச்.எல்.ஏ.-பி 1502’ எனப்படும் மரபணு வகையை உடையோருக்கு, இம்மருந்தால் தோல் உரிந்து உயிருக்கே ஊறு விளைவிக்கும் ‘ஸ்டீவன்ஸ் ஜான்சன்’ எனும் ஒவ்வாமை நேரும் வாய்ப்பு மிகுதி. சீனர், தாய்லாந்து மக்கள் ஆகியோரிடம் இது முதலில் கண்டறியப்பட்டது. 2007-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, ஆசிய வம்சாவளியினர் மருந்தைத் தொடங்குமுன் இச்சோதனையைச் செய்துகொள்ள வேண்டுமென அறிவுறுத்தியது. இந்தியாவிலும் இவ்வகை மரபணு பல பகுதிகளில் காணப்படுகிறது. வாழ்நாளில் ஒருமுறை செய்தால் போதுமான இச்சோதனை தமக்குத் தேவையா என மருத்துவரிடம் கேட்டறிதல் நலம். வலி மிகக் கடுமையாயிருந்து முடிவுக்குக் காத்திருக்க இயலாதபோது, வேறு மருந்தால் தொடங்குவதா என்பதையும் அவரே கூறுவார்.

ஏற்கெனவே உண்டுவரும் மருந்துகள் அனைத்தையும் மருத்துவர்முன் பட்டியலாக வைத்தல் வேண்டும். வார்ஃபரின், கருத்தடை மாத்திரை முதலியவற்றின் ஆற்றலைக் கார்பமாசெபைன் குறைத்துவிடும். எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் ஆகிய கிருமிக்கொல்லிகளும், காசநோய்க்குத் தரப்படும் ஐசோனியசிடும், இரத்த அழுத்தத்திற்கான டில்டியாசெம், வெரபமில் ஆகியனவும் இரத்தத்தில் கார்பமாசெபைனின் அளவைப் பெருக்கிவிடும். தொண்டைவலிக்கென மருந்துக்கடையில் தாமாகவே வாங்கும் ஒரு மாத்திரைகூட, மறுநாள் தள்ளாட்டத்தையும் இரட்டைப் பார்வையையும் கொண்டுவரக்கூடும். கருவுற்றிருப்போரும் கருவுற எண்ணியிருப்போரும் அதனை முன்னரே தெரிவிக்க வேண்டும்.

முதல் இரண்டு வாரங்கள்: மெல்ல ஏறும் படிகள்

பொதுவாக 100 மில்லிகிராம் மாத்திரை நாளுக்கு இருமுறை என மருந்து தொடங்கப்படும். பின்னர் சில நாள்களுக்கு ஒருமுறை சிறிது சிறிதாக அளவு கூட்டப்படும். பெரும்பாலோருக்கு நாளொன்றுக்கு 400 முதல் 800 மில்லிகிராம் போதுமானது. சிலருக்கு 1,200 வரை தேவைப்படும். முதியோருக்கு இன்னும் குறைந்த அளவில் தொடங்கி, இன்னும் மெதுவாகக் கூட்டுவர்.

வலியின் கொடுமையில் இந்த மெதுநடை பொறுமையைச் சோதிக்கும். ‘இரண்டு மாத்திரை சேர்த்துப் போட்டால் விரைவில் குணமாகுமே’ என்னும் எண்ணம் எழும். அவ்வாறு செய்தால் தலைசுற்றலும் வாந்தியும் பெருகி, மருந்தின்மீதே வெறுப்பு உண்டாகும். உடல் மருந்துக்குப் பழகுவதற்காகவே இப்படிகள் அமைக்கப்பட்டுள்ளன.

இவ்வாரங்களில் உறக்கச் சோர்வு, தலைசுற்றல், குமட்டல், நடையில் தள்ளாட்டம், பார்வை இரண்டாகத் தெரிதல் ஆகியன வரலாம். இவை பெரும்பாலும் மருந்தின் அளவைப் பொறுத்தவை. உடல் பழகப் பழகத் தணிபவை. அதுவரை சில எச்சரிக்கைகள் தேவை:

• மருந்து தம்மை எவ்வாறு பாதிக்கிறது என்பது தெளியும்வரை இருசக்கர வண்டியோ காரோ ஓட்டலாகாது. மொட்டைமாடிப் படிகளிலும் ஏணியிலும் ஏறுவதைத் தவிர்த்தல் வேண்டும்.

• முதியோர் இரவில் எழும்போது, படுக்கையில் ஒரு நிமிடம் அமர்ந்திருந்து பின்னர் நிற்க வேண்டும். கழிப்பறைக்குச் செல்லும் வழியில் சிறு விளக்கொன்று எரிதல் நலம். வலியைக் காட்டிலும் இடுப்பெலும்பு முறிவு பெருந்துன்பம்.

• மாத்திரையை உணவோடு சேர்த்து உட்கொண்டால் குமட்டல் குறையும். மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகளை நசுக்கவோ மெல்லவோ கூடாது.

• மது அறவே கூடாது.

• ஒருவேளை மறந்தால், அடுத்த வேளைக்கு இரட்டிப்பாக உட்கொள்ளுதல் தவறு.

தொல்லை மிகுந்தால் மருத்துவரை அழைத்து அளவைக் குறைக்கக் கேட்கலாம். வேளைகளைப் பிரித்து மாற்றிக்கொள்ளவும் கேட்கலாம். சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திவிடுவதே கூடாதது. திடீரென நிறுத்தினால் வலி முன்னிலும் கடுமையாகத் திரும்பலாம். வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு வலிப்பே வந்துவிடலாம்.

நான்காம் வாரத்தின் ஏமாற்றம்

இம்மருந்துக்கே உரிய ஒரு விந்தையை நாம் தெரிந்துவைத்திருத்தல் அவசியம். முதல் இரண்டு வாரங்களில் வலி நன்கு அடங்கும். நோயாளி பல மாதங்களுக்குப் பின் வயிறார உண்பார். வீட்டிலும் மகிழ்ச்சி திரும்பும். மூன்றாம் அல்லது நான்காம் வாரத்தில், அளவு மாறாதிருந்தும், வலி மீண்டும் தலைகாட்டும். ‘மருந்து வேலை செய்யவில்லை, எனக்கு வந்தது தீராத நோய்’ என்று மனம் தளர்ந்து மருந்தைக் கைவிடுவது பெரும்பாலும் இக்கட்டத்தில்தான்.

உண்மையில் நிகழ்வது வேறு. கார்பமாசெபைன் உடலுக்குள் சென்றதும், தன்னைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளைத் தானே தூண்டிவிடுகிறது. தொடக்கத்தில் ஒருவேளை மருந்தின் பாதி உடலைவிட்டு நீங்க 25 முதல் 65 மணி நேரம் ஆகும். சில வாரங்கள் தொடர்ந்து உட்கொண்ட பின்னர் அதே பாதி 12 முதல் 17 மணி நேரத்திலேயே நீங்கிவிடுகிறது. அதே மாத்திரையை உண்டும் இரத்தத்தில் மருந்தின் அளவு குறைந்துபோவது இதனால்தான். மூன்று முதல் ஐந்து வாரங்களில் இம்மாற்றம் முழுமையடைந்து, பின்னர் நிலைபெறும். மருத்துவர் அளவைச் சற்றே உயர்த்தினால் வலி மீண்டும் அடங்கும். நோய் முற்றியதற்கான அடையாளமன்று இது. இவ்வுண்மையை நோயாளி முதல் நாளிலேயே அறிந்திருந்தால், நான்காம் வாரத்தில் மனம் உடைய மாட்டார்.

எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்பதை அறிய உதவுவது ஒரு குறிப்பேடு. வரவு செலவு எழுதும் பழக்கமுள்ள நம் வாசகர்களுக்கு இது கடினமன்று. நாள்தோறும் ஐந்து செய்திகளை எழுதினால் போதும்: உட்கொண்ட அளவும் நேரமும், வலி எத்தனை முறை வந்தது, எதனால் தூண்டப்பட்டது, பூச்சியம் முதல் பத்துவரை அதன் கடுமை, மருந்தால் நேர்ந்த தொல்லை. மூன்று வார ஏட்டைப் பார்த்தவுடன், அளவைக் கூட்டுவதா, குறைப்பதா, வேளையை மாற்றுவதா என மருத்துவர் எளிதில் முடிவு செய்வார். வலியின் நினைவில் எல்லா நாளும் கெட்ட நாளாகவே தோன்றும். நல்ல நாள்களும் இருந்தன என்பதற்கு ஏடே சான்று கூறும்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

பொறுமை வேண்டும் என்றோம். ஆனால் பொறுத்திருத்தல் கூடாத நிலைகளும் உண்டு. மருந்தைத் தொடங்கிய முதல் இரண்டு மூன்று மாதங்களில் உடலில் தடிப்போ சிவப்புப் புள்ளிகளோ தோன்றினாலும், வாயிலும் உதட்டிலும் புண் உண்டானாலும், கண் சிவந்து எரிந்தாலும், காய்ச்சலோடு தோலில் கொப்புளம் எழுந்தாலும், அடுத்த வேளை மாத்திரையை உட்கொள்ளாமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். திடீரென நிறுத்தலாகாது என்னும் விதிக்கு இது விலக்கு. அம்மை என்றோ வெயில் கொப்புளம் என்றோ எண்ணி ஓரிரு நாள் பார்த்திருப்பது பேராபத்து.

காரணமற்ற காய்ச்சல், தொண்டைப் புண், உடலில் நீலத் திட்டுகள், கண் மஞ்சளாதல் ஆகியனவும் உடனே தெரிவிக்க வேண்டியவை.

இன்னொன்று ஓசையின்றி வருவது. இரத்தத்தில் சோடியம் குறைதல். தலைவலி, மிகுந்த களைப்பு, குமட்டல், நினைவுத் தடுமாற்றம், பேச்சில் குழப்பம் என அது வெளிப்படும். ‘வயதாகிவிட்டது’ என்று குடும்பத்தார் அதனைத் தள்ளிவிடுவதுண்டு. இரத்த அழுத்தத்திற்காகச் சிறுநீர் பெருக்கும் மாத்திரை உண்போருக்கும் முதியோருக்கும் இவ்வாய்ப்பு மிகுதி. ஆக்ஸ்கார்பசெபைன் உட்கொள்வோர் இதில் இன்னும் விழிப்பாயிருக்க வேண்டும். தொடங்கிய சில வாரங்களில் ஒருமுறை சோடியம் அளவைச் சோதித்தல் இதனாலேயே வலியுறுத்தப்படுகிறது.

உணவும் காற்றும் பேச்சும்

மருந்து முழுப்பயன் தரும்வரை, வலியைத் தூண்டும் செயல்களை அறிவோடு கையாளலாம். வலிக்கு அஞ்சி உணவைக் குறைப்பதால் உடல் எடை இழந்து தளர்வோர் பலர். ரசத்தில் குழைத்த சோறு, இளஞ்சூட்டுக் கஞ்சி, பருப்புக் கிச்சடி, பாலில் ஊறிய இட்லி, மசித்த பழம் என மெல்லும் வேலை குறைந்த உணவைச் சிறு சிறு அளவில் பலமுறை கொள்ளலாம். மிகு சூடும் மிகு குளிர்ச்சியும் வேண்டா. வலியில்லாப் பக்கத்தில் உணவை வைத்து உண்பதும் உதவும். மாத்திரை வேலை செய்யும் நேரத்தை ஏட்டின் வழியே கண்டறிந்து, முதன்மை உணவையும் பல் துலக்குதலையும் அந்நேரத்தில் வைத்துக்கொள்ளலாம். பல் துலக்குவதையே விட்டுவிட்டால், நரம்பு வலியோடு உண்மைப் பல்வலியும் சேர்ந்துகொள்ளும். மென்மையான தூரிகையும் வெதுவெதுப்பான நீரும் போதும்.

தில்லியிலும் வடமாநிலங்களிலும் வாழும் நம் வாசகர்களுக்கு மார்கழி, தைக் குளிர்காற்று பெருந்தொல்லை. வெளியே செல்லும்போது கன்னத்தை மூடும் பருத்தித் துணியோ கம்பளிக் கழுத்துத்துணியோ காற்றைத் தடுக்கும். துணி உரசுவதே வலியைத் தூண்டினால், முகத்தைத் தொடாத அகன்ற முகக்கவசம் நல்லது. ரயிலிலும் பேருந்திலும் சன்னலோர இருக்கையைப் பிறருக்கு விட்டுக்கொடுக்கலாம். வீட்டில் மின்விசிறிக்கு நேரே படுக்காதிருக்கலாம்.

வீட்டார் செய்யத்தக்கது

இந்நோய்க்கு வெளி அடையாளம் இல்லை. காயமில்லை, வீக்கமில்லை, காய்ச்சலில்லை. இரண்டு நொடிக்கு முன் சிரித்துப் பேசியவர் திடீரெனக் கையால் கன்னத்தை மறைத்து அசைவற்று நிற்பார். அடுத்த நிமிடம் இயல்பாக இருப்பார். பார்ப்பவர் அதனை நடிப்பு என்றுகூட எண்ணலாம். மாமியாரோ மருமகளோ, அலுவலக மேலாளரோ இவ்வாறு ஐயுற்றால் அது வலியைவிடப் புண்படுத்தும்.

தாக்கம் வரும்போது ‘என்ன ஆயிற்று?’ என்று கேட்டுப் பதிலுக்குக் காத்திருத்தல் வேண்டா. பேச முயல்வதே வலியை நீட்டிக்கும். அருகில் அமைதியாக இருந்தாலே போதும். பேச இயலாத நாள்களில் கைப்பேசியில் எழுதிக் காட்டலாம். ஒரு சிலேட்டும் அதே வேலையைச் செய்யும். மருந்து நேரத்தை நினைவூட்டுவதும், மருத்துவரிடம் உடன் செல்வதும், மேற்கூறிய அபாய அறிகுறிகளைக் கவனிப்பதும் குடும்பத்தார் ஏற்கத்தக்க பணிகள். மருந்து மயக்கத்தில் நோயாளி கவனியாத தோல் தடிப்பை மனைவியோ மகனோ கண்டு உயிர் காக்கக்கூடும்.

அடுத்த தாக்கம் எப்போது வருமோ என்னும் அச்சம் மனத்தை அரிக்கும். சிலருக்கு வாழ்வில் பிடிப்பே அற்றுப்போகும். இதுவும் நோயின் ஒரு பகுதியே, சிகிச்சைக்கு உரியதே. மருத்துவரிடம் இதனை மறைத்தலாகாது. நடுவண் அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண்ணாகிய 14416-ஐக் கட்டணமின்றி எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

செலவைத் திட்டமிடல்

பல மாதங்கள், சில நேரம் பல ஆண்டுகள் உட்கொள்ள வேண்டிய மருந்தாயினும், கார்பமாசெபைன் விலைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. மக்கள் மருந்தகங்களில் மேலும் குறைந்த விலைக்குக் கிடைக்கும். ஆனால் ஒரு நிறுவனத்தின் மாத்திரையிலிருந்து மற்றொன்றுக்கு அடிக்கடி மாறினால் இரத்தத்தில் அளவு மாறுபடலாம். எதைத் தேர்ந்தாலும் அதனையே தொடர்வதும், மாற்றும்போது மருத்துவரிடம் கூறுவதும் நன்று. கையில் இரண்டு வார மருந்து எப்போதும் இருப்பில் இருக்கட்டும்.

மருத்துவக் காப்பீடு எடுக்கும்போது இந்நோயை மறைத்தல் கூடாது. முன்பே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தின் உச்ச வரம்பு, 2024-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நான்கு ஆண்டுகளிலிருந்து மூன்று ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டுள்ளது. எழுபது வயது நிறைந்தோர், வருமான வரம்பின்றி, ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின்கீழ் ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரையிலான மருத்துவமனைச் சிகிச்சைக்குப் பதிந்துகொள்ளலாம். பழைய வரிமுறையைத் தேர்ந்தவர்களுள் காப்பீடு இல்லாத மூத்த குடிமக்கள், 80-டி பிரிவின்கீழ் மருத்துவச் செலவுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை கழிவு பெற இடமிருந்துவந்துள்ளது. தொகையை ரொக்கமாகத் தராமல் வங்கி வழியே செலுத்தியிருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. மாத்திரைச் சீட்டுகளையும் சோதனைக் கட்டண ரசீதுகளையும் ஒரே உறையில் சேர்த்து வைத்தல் பின்னர் உதவும்.

மருந்து போதாதபோது

சிலருக்குக் கார்பமாசெபைன் ஒத்துக்கொள்ளாது; சிலருக்குச் சில ஆண்டுகளில் அதன் பயன் குறையும். பாக்லோஃபென், லாமோட்ரிஜின், காபாபென்டின் முதலிய மருந்துகள் துணையாகவோ மாற்றாகவோ தரப்படுகின்றன. அவையும் போதாதபோது அறுவை முறைகள் உள்ளன. நரம்பின்மீது அழுந்தும் இரத்தக்குழாயை விலக்கி, இடையில் சிறு மெத்தை வைக்கும் அறுவையை 1960-களில் அமெரிக்க மருத்துவர் பீட்டர் ஜானெட்டா நுண்ணோக்கியின் துணையோடு செம்மைப்படுத்தினார். பத்தாண்டுகளுக்குப் பின்னும் ஏறத்தாழ பத்தில் ஏழு பேர் வலியின்றி இருப்பதாக ஆய்வு காட்டுகிறது. மண்டையோட்டைத் திறக்கும் அறுவையைத் தாங்கவியலாத முதியோருக்கு, ஊசி வழியே நரம்பைச் சூடாக்குதல், பலூனால் அழுத்துதல், காமா கதிர்களைக் குவித்தல் எனும் வழிகள் உண்டு. புதுதில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் நிலையம், பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற அரசு நிறுவனங்களிலும் இச்சிகிச்சைகள் கிடைக்கின்றன. அறுவை என்பது தோல்வியின் அடையாளம் அன்று. ஆனால் மருந்தை முறையாக, போதிய அளவில், போதிய காலம் உட்கொண்டு பார்த்த பின்னரே அம்முடிவுக்கு வருதல் முறை.

இந்நோய்க்கு ஓய்வுக் காலங்களும் உண்டு. மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் வலி முற்றிலும் மறைந்திருக்கும். வலியற்ற நாள்கள் நீடித்தால், மருத்துவர் மருந்தை மெல்ல மெல்லக் குறைத்துப் பார்ப்பார். அதுவரை, ‘இன்று வலியில்லையே’ என்று மாத்திரையை நாமாக விட்டுவிடாதிருத்தல் வேண்டும்.

தாடையில் மின்னல்போல் வெட்டும் வலி நம் வீட்டிலோ அண்டையிலோ ஒருவருக்கு இருப்பின், அவரை நரம்பியல் மருத்துவரிடம் அனுப்புவோம். அவர் சிகிச்சையைத் தொடங்கிவிட்டாரெனில், நான்காம் வாரத்தில் ஒருமுறை நேரில் சென்று, மருந்தை விடாமல் உட்கொள்கிறாரா என விசாரிப்போம்.